செவ்வாய்க்கிழமை வடக்கே போன வீடு

1

லண்டனிலை எனக்கு இரண்டு வீடாம். ஊரிலை இப்பிடியொரு கதை உலாவுதெண்டு ஒன்றுவிட்ட தம்பி கடிதம் போட்டிருக்கிறான். எப்பவோ அனுப்பின படமொண்டைப் பாத்திட்டுத்தான் உந்தப் புழுகு கிளம்பியிருக்கு. படத்திலை என்ரை மனிசி கமலா தடிச்ச கோட்டோடை ஒரு வெள்ளைப் பெட்டிக்கு முன்னாலை நிக்கிறா. "ஒரு வீடு குடியிருக்க, மற்றது உல்லாசமாச் சுத்த. அண்ணைக்கென்ன, சுக்கிரதிசை" எண்டு எழுதியிருக்கிறான்.

வாசிச்சவுடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. அவனுக்கு மட்டும் பதில் எழுதிக் காணாது. இதைப்போல நினைக்கிற எல்லாருக்குமாச் சேத்துச் சொல்லுறன், கேளுங்கோ.

அது வீடில்லை. கரவன். காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற சில்லுப் பெட்டி. உள்ளுக்கை குந்தி இருக்க ரண்டு வாங்கு, ஒரு காஸ் அடுப்பு, மடிச்சு விரிக்கிற கட்டில், குந்தினா முழங்கால் கதவிலை முட்டுற கக்கூசு. வெள்ளைக்காரன் கோடையிலை அதைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போவான். மார்கழி தையிலை ஒருத்தனும் தொடான். நான் தொட்டன். ஐந்நூறு மைலுக்கு மேலை, வடக்கை, பனிக்குள்ளாலை. உல்லாசத்துக்கில்லை. அவ்வளவும் கறுவம்.

2

கறுவத்துக்குக் காரணம் இருக்கு. முந்தின கோடை நானும் கமலாவும் பதினாலு வயசு மகள் தாரணியும் ஒரு கடற்கரைப் பட்டினத்துக்குப் போனம். வீட்டுக்கு வீடு ஜன்னலிலை 'அறை உண்டு' எண்டு பலகை. முதல் வீட்டுக் கதவைத் தட்டினன். மனிசி வந்து என்னைப் பாத்தா, பின்னாலை நிண்ட கமலாவின்ரை பொட்டைப் பாத்தா, "இப்பதான் கடைசி அறையும் போச்சு" எண்டா. ரண்டாம் வீட்டிலையும் அதே கதை. நாலாம் வீட்டிலை நாங்கள் படி இறங்கி முடியேல்லை, பின்னாலை வந்த வெள்ளைச் சோடியைச் சிரிச்சுக்கொண்டு உள்ளுக்கை எடுத்தினம். அண்டைக்குக் காருக்குள்ளைதான் படுத்தனாங்கள். காலமை தாரணி எழும்பி, "அப்பா, இனி ஹொலிடே வேண்டாம்" எண்டாள். எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. உங்கடை அறை ஆருக்கடா வேணும், என்ரை அறையை நானே இழுத்துக்கொண்டு வாறன் எண்டு அண்டைக்கே தீர்மானிச்சிட்டன்.

மற்றது என்ரை தங்கச்சி சுகி. அவள் அபர்டீனுக்கும் மேலை ஒரு மீன்பிடி ஊரிலை இருக்கிறாள். புருசன் சிவம் அங்கை மீன் பக்டரியிலை வேலை. கடைக்கு மேலை ஒற்றை அறை. அந்த ஊரிலை தமிழெண்டால் அவையள் ரண்டு பேருந்தான். முந்தின மாரியிலை அவளுக்கு ஏழாம் மாசத்திலை பிள்ளை தவறிப்போச்சு. ஆஸ்பத்திரியிலை இருந்து எனக்கு போன் எடுத்தவள். "அண்ணை, ஒருக்கா வாங்கோவன்" எண்டு அழுதாள். நான் பெற்றோல் ஸ்டேஷனிலை வேலை. இண்டைக்கும் அதேதான், ரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு கண்ணாடிப் பெட்டி, பன்னிரண்டு மணித்தியாலம். முதலாளி ஆளில்லை எண்டார். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டன். போகேல்லை. அதை நினைச்சால் எனக்கு இப்பவும் சோறு இறங்காது.

அடுத்த வருசம் அவள் திரும்பப் பிள்ளைத்தாய்ச்சி. தை மாசக் கடைசியிலை நாள். போனிலை நான் வாக்குக் குடுத்தன்: "பிள்ளை, இந்தமுறை உனக்கு வலி வரேக்கை நான் வாசலிலை நிப்பன். நானும் மச்சாளும் வருவம்."

"சும்மா சொல்லாதேங்கோ அண்ணை. சொன்னா நான் பாத்துக்கொண்டு இருப்பன்" எண்டாள்.

"ரெயிலிலை போய் அவையின்ரை அறையிலை ஒரு ஓரமாப் பாயைப் போடுவம்" எண்டு கமலா சொன்னா. நல்ல புத்திதான். கேட்டனோ? ஒற்றை அறைக்குள்ளை மூண்டு பேர் போய் என்னண்டு படுக்கிறது, ஹொட்டேல்காரன்ரை மூஞ்சையைத் திரும்பவும் பாக்கிறதோ, கரவன் இருந்தா ராசா மாதிரி இருக்கலாம் எண்டு ஒரு பாட்டம் கத்தினன். சிவம் பக்டரி வளவுக்குள்ளை நிப்பாட்ட இடமும் கேட்டு வைச்சிட்டான்.

3

எசெக்ஸிலை ஒருத்தனிட்டைப் பழசொண்டு வாங்கினன். "எங்கை போறாய்?" எண்டு கேட்டான். ஸ்கொட்லாந்து எண்டன். "எப்ப?" ஜனவரி எண்டன். தன்ரை மனிசியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிச்சான். பேந்து, நீலச் சிலிண்டர் காஸ் குளிருக்கு எரியாது, சிவப்பு எடு எண்டான். என்னட்டைக் கூடப் பறிக்கிற வித்தையாக்கும் எண்டு நீலத்தையே தூக்கிக்கொண்டு வந்தன். சிரிச்சவன்ரை சொல்லை நான் ஏன் கேக்கவேணும்?

பிறகு தொடங்கிச்சுது கடதாசிக் கோதாரி. கார்ப் பின்பக்கத்திலை கொழுக்கி பூட்டவேணும். கரவனுக்கும் காரின்ரை அதே நம்பர்த் தகடு வேணும். இன்சூரன்ஸ்காரி போனிலை என்ரை பேரை எழுத்துக் கூட்டிக் கூட்டி நாலுதரம் சொல்ல வைச்சா. எழுதி முடிய, "இதுக்கு முந்தி எதையாவது இழுத்திருக்கிறியளோ?" எண்டா. "கிளிநொச்சியிலை ட்ராக்டரிலை பெட்டி பூட்டி நெல்லு மூட்டை இழுத்தனான்" எண்டன். அந்தப் பக்கம் பேனை கீறின சத்தம் கேட்டுது. 'இல்லை' எண்டு எழுதியிருப்பா. லீவு கேட்டால் முதலாளி முறைச்சார். அந்த வருச லீவிலை நாலு நாள் குரோய்டனிலை விசாக் கியூவிலையே கரைஞ்சு போச்சு. மிச்சம் ரண்டு கிழமைதான். அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமையிலை இருந்துதான் தருவாராம். திங்கள் இரவு வரைக்கும் ஷிப்ட்.

தாரணியைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். அந்தக் காலத்திலை அவள் பள்ளிக்கூடத்தாலை வந்தால் அறைக்கதவைச் சாத்திப்போட்டு காதிலை எதையோ மாட்டிக்கொண்டு கிடப்பாள். தமிழிலை கேட்டால் இங்கிலிஷிலை பதில். நானும் அவளும் ஒரு வீட்டிலை இருந்துகொண்டு கதைக்கிறதை விட்டுக் கனகாலம். எனக்கு இங்கிலிஷ் புத்தகம் வாசிச்சு விளங்காது எண்டு, லைப்ரரியிலை எடுத்த கரவன் புத்தகத்தை அவளட்டைத்தான் குடுத்தன். விருப்பமில்லாமல்தான் வாங்கினாள். மூண்டாம் நாள் தானே குசினி மேசைக்கு வந்து குந்தினாள்.

"அப்பா, பாரம் எல்லாம் நடுச் சில்லுக்கு மேலைதான் வைக்கவேணுமாம். பின்னுக்கு வைச்சா கரவன் பாம்பு மாதிரி ஆடுமாம்."

"சரி."

"சாதாரண றோட்டிலை ஐம்பது மைலுக்கு மேலை ஓட ஏலாது. மோட்டர்வேயிலை மூண்டாவது லேன் உங்களுக்கு இல்லை."

"அது உவங்களுக்கு. எனக்கென்ன?"

"அப்பா! இட்ஸ் த லோ!"

கொழுக்கியிலை எவ்வளவு பாரம் இறங்குதெண்டு பாக்கிறதுக்கு, குளியலறையிலை கமலா நிறை பாக்கிற தட்டைக் கொண்டுபோய் வைச்சு அளந்தம். நானும் அவளும் முற்றத்துக் குளிரிலை முழங்காலிலை நிண்டு முள்ளைப் பாத்தம். அரிசிச் சாக்கை முன்னுக்குத் தள்ள, பின்னுக்குத் தள்ள, அவள் ஒவ்வொண்டாக் கொப்பியிலை எழுதினாள். அந்த மூண்டு கிழமையும் அறைக்கதவு சாத்தேல்லை. எனக்கு அது பெரிய சந்தோசம். வெளியிலை சொல்லேல்லை, அவ்வளவுதான்.

கமலா பத்தியச் சாமான் எல்லாம் கட்டினா. சிவப்பரிசி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி, நல்லெண்ணெய், பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெத்தவளுக்கு ஒரு மாசத்துக்குக் காணும். அவ்வளவும் கரவனுக்குள்ளை ஏறிச்சுது.

4

இனித்தான் என்ரை மொக்குத்தனம்.

எங்கடை குசினிச் சுவரிலை ஒரு பஞ்சாங்கம் தொங்கும். வருசா வருசம் ஊரிலை இருந்து எடுப்பிக்கிறனான். நல்லநேரம், ராகுகாலம், சூலம் எல்லாம் பாத்துத்தான் நான் கால் வைப்பன். யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணிச்ச நேரத்திலை அஞ்சரை மணித்தியாலத்தைக் கழிச்சு லண்டன் நேரம் ஆக்குவன். "இஞ்சை சூரியனே வாறேல்லை, நீங்கள் அதுக்கு நேரம் பாக்கிறியள்" எண்டு கமலா பகிடி பண்ணுவா.

செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. புதனும் சூலம். வியாழன் வரைக்கும் நிண்டால் ரண்டு நாள் லீவு போச்சு. என்ன செய்யிறது? ஊரிலை இதுக்கு வழியிருக்கு. நாள் சரியில்லாட்டி, அதுக்கு முந்தின நல்ல நாளிலை பெட்டியைக் கொண்டுபோய் வேறை வீட்டிலை வைச்சிடுவினம். பயணம் அண்டே தொடங்கின கணக்கு. என்ரை அப்பா கொழும்புக்கு இன்டர்வியூவுக்குப் போகேக்கை அவரின்ரை பெட்டி ரண்டு நாளுக்கு முந்தியே சந்திக் கடைக்குப் போயிருக்கும். பரஸ்தானம் எண்டு சொல்லுறது. ஒரு நிபந்தனை: வெளியிலை வைச்ச சாமானைத் திரும்ப வீட்டுக்கை எடுக்கக் கூடாது. எடுத்தா பயணம் முறிஞ்சுது.

ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டேகாலுக்கு நல்லநேரம். லண்டனிலை பார்க்கிங் எண்ட ஊரிலை எங்கடை வீடு மூலை வீடு, பக்கத்திலை கொஞ்ச முற்றம். அதிலை நிண்ட கரவனுக்குத் தேங்காய் அடிச்சு, இழுத்துக்கொண்டுபோய் எங்கடை எல்லைக்கு வெளியிலை நிப்பாட்டினன். எங்கடை எல்லைக்கு வெளியிலை எண்டால், பக்கத்து வீட்டு ரெஜ்ஜின்ரை ஜன்னலுக்கு நேரை.

ரெஜ் எண்டது ஒரு கிழவன். நாலு வருசமா எங்களோடை ஒரு சொல் கதைச்சதில்லை. நாங்கள் மீன் பொரிச்சால் ஜன்னலை அடிச்சுச் சாத்துற சத்தம் தெருவுக்கே கேக்கும். அண்டைக்கு முதல்தரமா என்ரை கதவைத் தட்டினான்.

"அந்தப் பெட்டியை உன்ரை முற்றத்துக்கை எடு. எனக்கு ரோட்டுத் தெரியேல்லை."

"செவ்வாய்க்கிழமை எடுப்பன்."

"உன்ரை முற்றம் சும்மாதானே கிடக்குது?"

"அதுக்கை திரும்ப வைக்க ஏலாது."

"ஏன் ஏலாது?"

இதுக்கு நான் என்ன சொல்ல? பஞ்சாங்கத்தைக் காட்டவோ? "ரோட்டு உன்ரை கொப்பன்ரையோ" எண்டு தமிழிலை சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினன். அவனுக்கு விளங்கியிருக்கும்.

அண்டு பின்னேரம் தாரணி புத்தகத்தோடை வந்தாள். "அப்பா, பனி கொட்டேக்கை கரவன்ரை ஹாண்ட்பிரேக்கைப் போட்டு விடக்கூடாதாம். பிரேக் உறைஞ்சு ஒட்டிப்போகுமாம். சில்லுக்குக் கட்டை வைக்கச் சொல்லியிருக்கு."

ட்ராக்டர் பெட்டிக்குப் பிரேக்கே இல்லை. எனக்கு இவள் படிப்பிக்கிறாள். "உருண்டுபோய்க் கிழவன்ரை சுவரிலை இடிச்சா ஆர் பதில் சொல்லுறது? போய்ப் படி" எண்டு விழுந்தன். ஹாண்ட்பிரேக்கை இன்னும் ஒருதரம் இறுக்கிவிட்டன். அவள் புத்தகத்தை மேசையிலை வைச்சிட்டு அறைக்குள்ளை போனாள். கதவு சாத்துப்பட்டுது.

5

செவ்வாய் விடியக் காரைக் கொழுவி எடுத்தன். கார் உறுமுது, கரவன் அசையுதில்லை. ரண்டு சில்லும் பூட்டினபடி றோட்டோடை இழுபடுது. ரண்டு இரவாக் கொட்டின பனி. எனக்கு வேறை யோசனை வரேல்லை. கிழவன்தான் ஏதோ செய்துபோட்டான். றோட்டிலை நிண்டு சன்னதம் ஆடினன். கெட்ட வார்த்தை எல்லாம் தமிழிலையும் இங்கிலிஷிலையும் வந்துது. எதிர்வீட்டுத் திரைச்சேலை எல்லாம் விலகிச்சுது. தாரணி வாசலிலை நிண்டு, "அப்பா, ஸ்டொப் இற், இது பிரேக்தான்" எண்டு கெஞ்சினாள். கேக்கேல்லை.

அப்ப உள்ளுக்கை போன் அடிச்சுது, கமலா எடுத்தா. சிவம். சுகிக்கு விடியவே வலி தொடங்கிட்டுதாம், பத்து நாள் முந்தி. அம்புலன்ஸிலை கொண்டுபோகினம். "அண்ணை வெளிக்கிட்டாரோ எண்டு மட்டும் கேக்கிறாள்" எண்டு சொன்னவனாம்.

கமலா ஓடிவந்தா. "காரை மட்டும் கழட்டி எடுங்கோ. போவம்."

"சாமான்?"

"சாமானை விடுங்கோப்பா! அங்கை கடையிலை அரிசி இல்லையோ?"

"வைச்ச பயணத்தை நடுறோட்டிலை விட்டிட்டுப் போறதோ? அவள் ஏற்கெனவே ஒண்டைப் பறிகுடுத்தவள். அவளுக்கு ஏதும் நடந்தா?"

இதை நான் மனசாரத்தான் சொன்னன். பயந்துதான் சொன்னன். ஆனால் முழுக்கப் பயமில்லை எண்டதும் எனக்குத் தெரியும். அந்தக் கிழவன் ஜன்னலாலை பாத்துக்கொண்டு நிக்க, பெட்டியை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை.

கமலா என்னை ஒருக்காப் பாத்தா. ஒரு பையிலை உடுப்பும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வைச்சு, தாரணியையும் இழுத்துக்கொண்டு மினிகாப் பிடிச்சு ரெயிலுக்குப் போயிட்டா. "பின்னாலை வாறன்" எண்டு கத்தினன். தாரணி திரும்பியும் பாக்கேல்லை.

நான் மத்தியானம் வரைக்கும் ஜாக்கியோடையும் இரும்புக் கம்பியோடையும் மல்லுக்கட்டினன். கடைசியிலை போய் ரெஜ்ஜின்ரை கதவைக் கையாலை குத்தினன். "என்ன செய்தனீ என்ரை சில்லுக்கு?" கிழவன் செருப்போடை வந்தான். குனிஞ்சு பாத்தான். ஹாண்ட்பிரேக்கைக் காட்டினான். "உறைஞ்சு போச்சு, மடையா" எண்டான். உள்ளுக்கை போய் மரச் சுத்தியல் ஒண்டு கொண்டந்து, ரண்டு சில்லிலையும் சுத்திவரத் தட்டினான். பத்து நிமிசமும் எடுக்கேல்லை. டக்கெண்டு விட்டுது.

"இனி எடு" எண்டான். "இது உனக்காச் செய்யேல்லை. எனக்கு ரோட்டுத் தெரியவேணும்."

நான் நன்றி சொல்லேல்லை. அவனும் அதுக்கு நிக்கேல்லை.

6

பயணத்தைப் பற்றிப் பெரிசாச் சொல்ல ஒண்டுமில்லை. லொறி ஒவ்வொண்டும் முந்திப் போகேக்கை கரவன் என்னைப் பிடிச்சு உலுப்பிச்சுது. யோர்க்ஷயரிலை லொறி நிக்கிற இடமொண்டிலை படுத்தன். காஸ் எரியேல்லை. பச்சைத் தண்ணியோடை பிஸ்கட் திண்டன். அங்கையிருந்த போன் பெட்டியாலை ஆஸ்பத்திரிக்கு எடுத்தன். கமலாதான் கதைச்சா. "பொம்பிளைப் பிள்ளை. ரண்டு பேரும் சுகம்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டா. நான் அந்தப் பெட்டிக்குள்ளை நிண்டு விக்கி விக்கி அழுதன். அடுத்த நாள் வடக்கை றோட்டை மூடிப்போட்டாங்கள். ஒரு நாள் முழுக்கப் பனிக்குள்ளை கிடந்து, நாலாம் நாள் மத்தியானந்தான் போய்ச் சேர்ந்தன்.

சுகியை ஆஸ்பத்திரியாலை வீட்டுக்கு விட்டிட்டினம். கரவனைப் பக்டரி வளவுக்கை விட்டிட்டு, அரிசியையும் சரக்கையும் ரண்டு கையிலையும் தூக்கிக்கொண்டு படியேறினன். அறைக்குள்ளை நல்ல சூடு. சுகி கட்டிலிலை சாய்ஞ்சிருந்தாள். தாரணியின்ரை மடியிலை பிள்ளை. இவ்வளவு தலைமயிர். நான் சாமானை வைச்சிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தாரணிக்கு முன்னாலை கையை நீட்டினன்.

"தொடாதேங்கோ அண்ணை" எண்டாள் சுகி. சத்தம் போடேல்லை. "துடக்கு."

ஊரிலை பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. எனக்குத் தெரியாததோ? ஆனால் பிள்ளைக்குத் தாய்மாமன் நான். வெளியாளோ? குளிச்சால் தீருற துடக்கு.

"அப்ப தாரணி வைச்சிருக்கிறாள். மச்சாள் நிக்கிறா" எண்டன்.

"மச்சாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. உங்கடை பெட்டை என்ரை முகத்தைத் துடைச்சவள். அவை துடக்கோடை துடக்கா நிண்டவை. நீங்கள் நாள் கோள் பாக்கிற ஆள் அண்ணை. உங்களுக்கு ஆகாது. முப்பத்தொண்டு முடியட்டும்."

கமலா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா. சிவம் தேத்தண்ணி போடப் போனான். தாரணி மட்டும் என்னைப் பாத்தாள். அழுதிடுவாள் போலை இருந்துது. ஆனால் பிள்ளையைத் தரேல்லை.

கோபம் வந்துதோ எண்டு கேப்பியள். வரேல்லை. விடியத் தொடங்கி இரவு வரைக்கும் அவளுக்கு வலி. அதிலை ஒவ்வொரு மணித்தியாலமும் நான் எங்கை நிண்டன் எண்டு அவள் கமலாவிட்டைக் கேட்டிருப்பாள். கமலா பொய் சொல்லாத மனிசி. நான் படியாலை இறங்கிப் போய்க் கரவனுக்குள்ளை கோட்டோடை படுத்தன்.

ஒன்பது நாள் அதுக்குள்ளை கிடந்தன். காலமையும் பின்னேரமும் கமலா சாப்பாடு கொண்டந்து தருவா. நான் மேலை போய் அறை வாசலிலை கதிரை போட்டு இருப்பன். சுகி என்னோடை எல்லாம் கதைச்சாள். ஊர்க்கதை, சிவத்தின்ரை வேலை, பிள்ளைக்கு வைக்கப்போற பேர். பிள்ளை அழுதால் தாரணியைத்தான் கூப்பிட்டாள். ஒருக்காலும் என்னைப் பிழை சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நான் ஏதும் பதில் சொல்லியிருப்பன்.

லீவு முடிஞ்சுது. கமலா முப்பத்தொண்டும் முடியுமட்டும் நிண்டா. தாரணி பள்ளிக்கூடத்துக்கு ரெயிலிலை வாறன் எண்டிட்டாள். நான் தனியக் கரவனைக் கொழுவிக்கொண்டு வளவாலை வெளிக்கிட்டன். றோட்டாலை திரும்பேக்கை மேலை பாத்தன். சுகி ஜன்னலடிக்கு வந்து நிண்டு கை காட்டினாள். பிள்ளையைக் கொண்டரேல்லை.